சாவு பேனருக்கு ஒரு வெப்சைட்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதில் தமிழில் மட்டும் தேறியவன் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று இருந்தது. ஆரம்பித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் அதையே செய்தேன். இப்போது மழை பெய்கிறது, டீக்கடையையும் சாத்திவிட்டார்கள், செய்ய வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். வேலை எப்படி இல்லாமல் போனது என்பதைப் பற்றித்தான்.

வில்லியனூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் இருந்தேன். கடை என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலாளி பாய், நான், பேனர் அச்சடிக்கும் மெஷின். எங்கள் மூவரில் மெஷினுக்கு மட்டும்தான் ஏசி. வெயில் காலத்தில் பாய் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மை சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல நடிப்பார்.

"மிஷினுக்கு ஜொரமா பாய்? அது மேல கைய வெச்சிகினு நிக்கிறீங்க?" என்பேன்.

"ஒன் வாயில தையல் போடணும் தம்பி," என்பார். நகரமாட்டார்.

அதற்கு முன்னால் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த நண்பன் சேர்த்துவிட்டான். மடி, ஒட்டு, தள்ளு. மடி, ஒட்டு, தள்ளு. நாள் முழுக்க நின்றபடியே. சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் போகாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டைத் தாண்டியவன் திரும்பிப் போகவேயில்லை. நண்பன் அங்கேயேதான் இருக்கிறான். அவனை எங்கே பார்த்தாலும், "இன்னாடா, இன்னிக்கி எத்தினி பொட்டி பெத்த?" என்று கேட்பேன். திருப்பித் திட்டத் தெம்பில்லாமல் பைக்கை உதைத்துக்கொண்டு போவான்.

பாய் கடையில் எனக்கு நாற்காலி இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது. என்னை நம்பி அதன் முன்னால் உட்கார வைத்தவர் அவர் ஒருவர்தான். கோரல் என்கிற டிசைன் சாப்ட்வேரில் வரைய அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கோரலில் வரைகிற படம் வேறு, போட்டோ வேறு. போட்டோ என்பது பொடிப்பொடிக் கட்டங்கள். இழுத்துப் பெரிதாக்கினால் கட்டமும் பெரிதாகும், மூக்கு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். கோரல் படத்தில் கட்டமே கிடையாது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருப்போம். அதைத் தீப்பெட்டி அளவிலும் அச்சடிக்கலாம், லாரி அளவிலும் அச்சடிக்கலாம். ஓரம் பிளேடு மாதிரி நிற்கும். நான் போட்ட குத்துவிளக்கு ஒன்று இருந்தது. சுடர் மட்டும் ஆள் உயரத்துக்கு இழுத்தாலும் அப்படியே இருக்கும். அதை வேண்டுமென்றே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாய் வந்து பின்னந்தலையில் தட்டுவார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சொந்தக்காரர்களுக்குப் போன் போகும், மேளத்துக்கும் பந்தலுக்கும் போகும், உடனே எங்களுக்கு வரும். பாடி எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். அது இல்லாமல் தூக்கினால், அனாதைப் பிணம் மாதிரி கொண்டுபோனார்கள் என்று ஊர் பேசும். ஐஸ் பெட்டி தாமதமாக வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பேனருக்குப் பொறுக்கமாட்டார்கள். ஆதார் அட்டையில் இருக்கும் மூஞ்சியை அனுப்பிவிட்டு, "கொஞ்சம் சிரிக்கிற மாரி போடுங்க அண்ணே" என்பார்கள். சிரிக்கவும் வைத்திருக்கிறேன்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆர்டர் எல்லாம் மெல்ல மெல்ல நின்றுபோயின. பெரிய பேனர் கட்டக் கெடுபிடி வந்தது. விழுப்புரம் ரோட்டில் புதிதாக ஒரு கடை இரண்டு மெஷினோடு திறந்தது. எங்கள் மெஷின் துணி போர்த்திக்கொண்டு தூங்க ஆரம்பித்தது. ஒரு நாள் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அவர் சாதாரணமாக உட்காரவேமாட்டார்.

"தம்பி, விழுப்புரத்துல ஒருத்தன் மிஷினக் கேக்கறான்."

"எந்த மிஷின பாய்? என்னையா?"

"வெளையாடாத. ஆடி முடியற வரைக்கும் பாப்பேன். ஆர்டர் வந்தா ஓட்டுவோம். வரலன்னா குடுத்துருவேன். அப்பறம் ஒனக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல."

அப்போது எனக்குத் திருபுவனை கேட் ஞாபகம் வந்தது. மடி, ஒட்டு, தள்ளு.

வெப்சைட் யோசனை பாயுடையதுதான். அவருடைய அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். கடையில் இருக்கும் டிசைன்களை எல்லாம் ஒரு வெப்சைட்டில் போட்டுவிட்டால், பாகூரில் இருப்பவனும் சுத்துக்கேணியில் இருப்பவனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாடலைத் தேர்ந்தெடுத்துப் போன் பண்ணுவான். நாம் அச்சடித்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வரலாம். எந்த டிசைன் போடுவது என்று கேட்டேன். அஞ்சலி மட்டும் போதும் என்றார்.

"கல்யாணக்காரன் பத்து பேர இட்டுகினு நேர்லயே வருவான். சாவு வூட்டுக்காரனுக்கு ஏது நேரம்? அதுவும் ஆடியில கல்யாணமே கெடையாது."

"அப்ப செத்தவங்களுக்குன்னே ஒரு வெப்சைட்டு. பேரு இன்னா பாய் வெக்கறது, சொர்க்கம் டாட் காமா?"

பாய் சிரித்தார். அவர் கடைசியாக நன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா மகன் முதலில் என் கோரல் படங்களை அப்படியே, கோடும் புள்ளியுமாகவே வெப்சைட்டில் ஏற்றினார். எங்கள் படங்களில் ஒரு ரோஜா மாலைக்குள் எண்ணமுடியாத அளவுக்குப் புள்ளிகள், நிழல், நிழலுக்கு நிழல். ஒவ்வொன்றையும் போன் முதலிலிருந்து வரைந்து முடிக்க வேண்டும். பாய் அதைத் திறந்து காட்ட ஆசைப்பட்டுச் சுத்துக்கேணியில் தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். போன் சூடானதுதான் மிச்சம். காபி வந்தது, குடித்தார், டம்ளர் திரும்பிப் போனது, ரோஜா மாலையில் இரண்டு இலைதான் வந்திருந்தது. "இதுக்குள்ள எடுத்துப் பொதச்சிட்டே வந்துடலாம் பாய்," என்றாராம் அந்த வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து எனக்கு வேலை வந்தது. ஒவ்வொரு கோரல் படத்தையும் சாதாரணப் படமாக மாற்ற வேண்டும். போன் திரைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சின்னதாக. பிறகு அதை நசுக்க வேண்டும். நசுக்குவதற்குத் திரையில் ஒரு கோடும் அதில் தள்ளுகிற குமிழும் இருக்கும். வலது பக்கம் தள்ளினால் படம் தெளிவு, ஃபைல் கனம். இடது பக்கம் தள்ளினால் ஃபைல் பஞ்சு, படம் கஞ்சி. நான் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அனுப்பினால், "இன்னும்" என்பார் அக்கா மகன்.

"அண்ணே, வெளக்குல திரி காணாமப் போவுதுண்ணே."

"போன்ல திரிய யாரு தம்பி உத்துப் பாக்கப்போறாங்க? கொறைங்க."

"இன்னும் கொறச்சா செத்தவரே தெரியமாட்டாரு."

"தெரியறது அப்பறம். மொதல்ல தொறக்கணும்."

குறைத்தேன். கடையில் சேர்ந்திருந்த விளக்கு, புறா, மேகம், நிலா, சொட்டுகிற கண்ணீர் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சின்னதாக வெளியே வந்தன. அடுக்கடுக்காக இருக்கும் படம் மாற்றும்போது ஒரே தாளாகிவிடும். அதற்குப் பிறகு விளக்கை மட்டும் நகர்த்த முடியாது, எழுத்தை மட்டும் எடுக்க முடியாது. அசல் கோரல் ஃபைல் எங்களிடம்தானே இருக்கிறது என்று நான் கவலைப்படவில்லை.

மூஞ்சி வைக்கிற இடத்தில் என்ன போடுவது என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது. மாதிரிக்கு யாருடைய மூஞ்சியையாவது வைக்க வேண்டும். சாவு பேனரில் உயிரோடு இருக்கிறவன் எவன் மூஞ்சியைக் கொடுப்பான்?

"உங்களுத வெக்கட்டா பாய்? தாடி எடுப்பா இருக்கும்."

"ஒன்னுத வைடா. எளவட்டப் புள்ள, பாக்கறவனுக்குத் தானா கண்ணீர் வரும்."

கடைசியில் கண், மூக்கு எதுவும் இல்லாத ஒரு சாம்பல் நிறத் தலையும் தோளும் போட்டேன். கீழே மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும். நான் பெரிதாகத்தான் போட்டிருந்தேன். பாய் சின்னதாக்கச் சொன்னார். "துக்கத்துலயும் வெளம்பரம் தேடுறான்னு சொல்லுவாங்க தம்பி."

வேகம் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். டவர் கிடைக்காத இடங்கள் எங்களுக்குத் தெரியாதா? பைக்கை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்கு நடுவில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எல்லாம் நின்று திறந்து பார்த்தேன். அபிஷேகப்பாக்கத்தில் என் அம்மாவின் தம்பி இருந்தார். என் தாய்மாமன். நெல் போடுகிறவர். எனக்கு இந்த நக்கல் பேச்சு அவரிடமிருந்துதான் வந்தது என்று அம்மா திட்டும். அவருடைய வயல் வரப்பில் நின்றால் போனில் ஒரு கோடுகூட நிற்காது. அவர் போனிலேயே திறக்கச் சொன்னேன். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, கோயில் செலையாட்டம் நிக்காத. கீழ எறக்கு."

"இருடா மருமவனே... யோவ், வந்துட்ச்சிய்யா! வெளக்கு, பூ, எல்லாம் வந்துட்ச்சி!" பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "தோ பாரு, எம் மருமவன் போட்ட படம். எவன் செத்தாலும் கவலையில்ல இனிமே!"

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கெட்ட வார்த்தை வந்தது. மாமா வரப்பிலேயே குனிந்து சிரித்தார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நான் பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். வெப்சைட் திறக்கிறது. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாற்காலி தப்பித்தது.

நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள் என்று சென்னையிலிருந்து அடிக்கடி சேதி வந்தது. பாகூர், அபிஷேகப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் எல்லாம். பாய் கடைப் போனைத் துடைத்து மேசை நடுவில் வைத்தார். அது அடிக்கவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். சத்தம் அடைத்து வைத்திருக்கிறதா என்று பார்த்தார். சிம்மைக் கழற்றி ஊதிப் போட்டார். ஆடி பிறந்தது, கூழ் ஊற்றினார்கள், ஊரில் சாவுக்குப் பஞ்சமில்லை, எங்கள் போன் மட்டும் ஊமையாகக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம், அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று வெளியே போய் என் போனிலிருந்து அடித்தேன். ஒரே ஓட்டமாக ஓடி வந்து எடுத்தார்.

"அல்லோ, சொல்லுங்க, யாரு தவறிட்டாங்க?"

"கடைதான் பாய்."

கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். போனை வைத்துவிட்டு மெஷின் இருக்கும் அறைக்குள் போய்விட்டார். எனக்கு அந்த விளையாட்டு அப்போதே கசந்துவிட்டது.

மாமா ஆடிக் கடைசியில் இறந்தார். காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்தாராம், சாய்ந்துவிட்டாராம். அம்மா போனில் அழுததில் பாதிதான் புரிந்தது. வீட்டுக்கு ஓடி, அம்மாவை என் அண்ணனுடைய வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் கடைக்குப் போனேன். ஏன் நேராக ஊருக்குப் போகவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். மாமாவுக்கு நான் செய்யக்கூடியது என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாய்க்கு விஷயம் தெரிந்ததும் கண்ணை மூடி அவர்கள் முறைப்படி ஏதோ சொன்னார். மெஷினின் துணியை அவரே எடுத்தார். "நிதானமாப் போடு தம்பி. நான் பாத்துக்கறேன்."

அசல் ஃபைலைத் திறந்தேன். என் குத்துவிளக்கு. சாம்பல் தலையை எடுத்துவிட்டு அங்கே மாமாவை வைத்தேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாரையோ கிண்டல் பண்ணிச் சிரிக்கிற போட்டோ. முழு அளவுக்கு இழுத்தேன். மெஷின் ரொம்ப நாளைக்குப் பிறகு ஓடியது. மை காய்ந்திருக்குமோ என்று பயந்தேன், காயவில்லை. சுடரின் ஓரம், எழுத்தின் ஓரம், மாலையில் ஒவ்வொரு இதழும் பிளேடு மாதிரி வந்தது. இவ்வளவு சுத்தமாக அந்தக் கடையில் நான் எதையும் போட்டதில்லை. சுருட்டிப் பைக்கின் முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமா தெருமுனையில் ஏற்கெனவே ஒரு பேனர் நின்றது.

முதலில் எனக்கு விளக்கு தெரிந்தது. என் விளக்கு. திரி இல்லாத விளக்கு. சுடரின் ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது. ரோஜா எல்லாம் சிவப்புக் கட்டங்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்கிற எழுத்தைச் சுற்றிப் பூச்சி மொய்ப்பது போல அழுக்கு. ஒரே தாளாகிப்போன படத்தில் சாம்பல் தலையை எடுக்க அவர்களுக்கு வழியில்லை, அதனால் அதன் மேலேயே மாமா போட்டோவை ஒட்டியிருந்தார்கள். சரியாக மூடவில்லை. மாமாவுக்குப் பின்னாலிருந்து அந்த ஆளின் ஒரு காதும் ஒரு தோளும் வெளியே தெரிந்தன. மாமாவை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. கீழே மூலையில் எங்கள் கடையின் நம்பர் இருந்தது. அது நம்பர் என்று எனக்குத் தெரியும் என்பதால் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது எறும்புச் சாரை.

மாமாவின் மகன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவனே என் தோளைத் திருப்பிக் காட்டினான்.

"பேனரப் பாத்தியா மச்சான்? உன்னுதுதான்."

"யாருடா போட்டது?"

"நாந்தான். உன் சைட்டத் தொறந்தேன், டக்குனு வந்துச்சு. படத்த அமுக்கிப் புடிச்சேன், போன்ல எறங்கிட்ச்சி. பசங்க பாகூர்ல குடுத்து அடிச்சிகினு வந்துட்டானுங்க."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இன்னா மச்சான் பேசுற? சாவு வூட்டு ஆளு நீ. அழுவற நேரத்துல உன்ன வேல வாங்குனா ஊரு காறித் துப்பாது? ஆனா பேனரு வேற எவனுதும் வேணாம், மச்சான் போட்டதுதான் வேணும்னு சொல்லிட்டேன். அப்பா அதத்தான் கேப்பாரு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, இன்னும் சொன்னான்.

"இந்தப் பக்கம் எல்லாரும் உன் படந்தான் மச்சான் எடுக்கறாங்க. அப்பாதான் ஊரு பூரா காட்டிக் குடுத்தாரு. எம் மருமவன் படம், தாராளமா எடுத்துக்கங்க, எவனும் கேக்கமாட்டான்னு. இப்பிடி அமுக்குங்கன்னு அவரே அமுக்கிக் காட்டுவாரு. அவ்ளோ பெரும அவருக்கு."

"கையில இன்னா மச்சான் அது?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. கடை சாமான்."

பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைச் சுவரில் அந்தச் சுருளைச் சாய்த்துவைத்தேன். அவனிடம் காட்டியிருந்தால் உடனே கட்டியிருப்பான். கட்டியிருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும். அப்பாவுக்கு அவன் செய்தது என்ன என்று அவனுக்கே தெரிந்திருக்கும். வாயைத் திறந்தால் அடுத்தவனைப் புண்படுத்தாமல் மூடாதவன் நான். அன்றைக்கு மூடிக்கொண்டு நின்றேன்.

பாடை அந்தப் பேனருக்குக் கீழேதான் போனது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது, மாமா மேல் பூ விழுந்துகொண்டே இருந்தது. 'மாமா, உன் பின்னாடி எவனோ ஒருத்தன் காது மட்டும் வெச்சிகினு நிக்கிறான், யாருன்னு கேளு' என்று சொல்ல வந்தது. சொன்னால் சிரிக்கிற ஆள் ஊரில் ஒருவர்தான். அவரைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் வழியில் பார்த்தேன். அதுவரை பார்க்காமலா இருந்தேன் என்று தெரியவில்லை. முருங்கை மரத்தில் கட்டியது, கரண்ட் கம்பத்தில் கட்டியது, காற்றில் கிழிந்து பாதி தொங்குவது. என் விளக்கு, என் புறா, என் நிலா. எல்லாம் கட்டம் கட்டமாக. எல்லாவற்றிலும் அதே எறும்புச் சாரை. ஒரு பாட்டிக்குப் பின்னால்கூட அந்தச் சாம்பல் ஆள் நின்றான். தெளிவாக இல்லையே என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பேனர் நின்றது, எடுத்தார்கள், போனார்கள். சுடருக்கு ஓரம் வேண்டும் என்று யார் கேட்டது? நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கருமாதிக்கு மறுநாள் கடைக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பைக்கில் பின்னால் உட்கார வைத்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பாகூர் போகிற வழியில் ஒரு பேனருக்கு முன்னால் இறங்கி, கிட்டே போய், மூலையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"நம்ம நம்பரு தம்பி இது."

"ஆமா பாய்."

"தெரியலியே."

"தெரியாது பாய். கொறச்சிட்டோம்."

சென்னைக்குப் போன் போட்டார். படத்தை அமுக்கினால் இறங்காதபடி செய்யலாம், ஆனால் திரையையே படம் பிடித்துக்கொள்வார்களே என்றார் அக்கா மகன். நடுவில் பெரிதாக நம்பரைப் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். பாய் யோசிக்கக்கூட இல்லை. "செத்தவன் நெஞ்சு மேல நம்ம நம்பரா? வேணாம்." வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நல்லாத்தான் வேல செஞ்ச தம்பி. அவ்ளோ வேகமாத் தொறக்குது," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

ஆவணிக் கடைசியில் விழுப்புரத்திலிருந்து வண்டி வந்தது. மெஷினை நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். ஏசியையும் கழற்றிக்கொண்டார்கள். சுவரில் ஓட்டை மட்டும் இருந்தது, அது வழியாகத் தெருவில் போகிற பேருந்து தெரிந்தது. கோரல் ஃபைல்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுப் பாய் என் கையில் கொடுத்தார். "நீ போட்டதுதானே, நீயே வெச்சிக்கோ." வைத்திருக்கிறேன். என் போனில் அது திறக்காது. கம்ப்யூட்டர் என்னிடம் இல்லை.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு மேல் நான் விட்டுவிட்டு வந்த பிளெக்ஸைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்து. மழைக்கு நன்றாகத் தாங்குகிறது என்றார் அந்த வீட்டு அம்மா. உள்ளே எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெப்சைட் இன்னும் இருக்கிறது. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒருமுறை திறந்து பார்த்தேன். ஒரு கோடு டவர்தான் இருந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது.

வீட்டில் அம்மா எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் சோறு போடுவதுதான் தாங்க முடியவில்லை. வில்லியனூரில் இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் என்ன படித்திருக்கிறாய் என்றார். இன்னொருவர் இப்போதெல்லாம் போனிலேயே டிசைன் போட்டுக்கொள்கிறார்கள், ஆள் எதற்கு என்றார். அவர் மேசை மேல் கிடந்த போனில் ஒரு அஞ்சலிப் படம் திறந்திருந்தது. அதை யார் போட்டது என்று நான் சொல்லவில்லை.

இன்று காலையில் திருபுவனை நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். பெட்டி எதுவும் பெறவில்லையா என்று எழுதி, அழித்தேன். நலமா என்று எழுதி, அதையும் அழித்தேன். கடைசியில், கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா, நான் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டேன். ஷிப்ட் முடிந்த பிறகுதான் பார்த்தான் போலிருக்கிறது. இப்போதுதான் பதில் வந்தது.

"எடுக்கறாங்க, நாளைக்கே வா, ஆனா லைன்ல நின்னுகினு சிரிப்பு காட்டாத, அனுப்பிடுவாங்க."